குட்டிக்குப் பச்சைக்கறி

மே 6

ராஜபாளையம் குட்டி வந்துவிட்டது. வயது எட்டு வாரம், பெயர் முத்து. வந்ததும் வராததுமாக அக்கா மகன் ஆரம்பித்துவிட்டான்: "மாமா, இதுக்குப் பச்சைக்கறிதான் போடணும். ஓநாய் என்ன குக்கர்லயா வேகவச்சுத் திங்குது?"

இந்த வாதத்தை ஊரறியச் செய்தவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். பச்சை எலும்பும் கறியுமே நாய்க்கு உகந்தவை என்று 1993-இல் புத்தகம் போட்டார். ஆனால் நாய் ஓநாயாகவே நின்றுவிடவில்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிதான். நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதை 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் பக்கத்து வேட்டை நாய்களும் கம்பங்கூழ் குடித்துவிட்டுத்தான் முயல் விரட்டின.

மே 9

கறிக்கடைக்குப் போனேன். "நாய்க்கா சார்?" என்று கேட்டுவிட்டு, பாய் கீழே இருந்த அலுமினியச் சட்டியைக் காட்டினார். நுரையீரல், கொழுப்பு, குடல் துண்டுகள், கோழித் தலைகள். மேலே ஈ. விடிகாலையில் அறுத்தது, மணி பதினொன்றாகிவிட்டது, ஐஸ் கிடையாது. வீட்டுக் குழம்புக்கு வாங்கினால் கவலை குறைவு, கொதியில் கிருமி செத்துவிடும். குட்டியின் தட்டுக்கு அப்படியே போனால் சால்மோனெல்லாவும் கூடவே போகும். ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது. சட்டியைத் தொடாமல், வீட்டுக்குக் கறியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 13

தடுப்பூசிக்குப் போன இடத்தில், எங்களுக்கு முன்னால் ஒரு நான்கு மாத லாப்ரடார் குட்டி. மேசைமேல் நிறுத்தினால் நிற்கவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. டாக்டரம்மா விரலால் லேசாக அழுத்தியதும் வீறிட்டது. பால்குடி மறந்ததிலிருந்தே எலும்பில்லாத கோழிக்கறிதான் சாப்பாடு என்றார் வளர்ப்பவர், பெருமையாகவே.

டாக்டரம்மா கணக்குச் சொன்னார். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். வெறும் கறியிலோ பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பல மடங்கு. குறைகிற கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்கிறது. எலும்பு மெலிந்து வளைகிறது, ஒடிகிறது. சரி, கால்சியம் பவுடரை அள்ளிப் போடலாமா என்றால் அதுவும் ஆகாது. பெரிய இனக் குட்டிகளுக்கு முதல் சில மாதங்களில் மிகுதியான கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது. அதனாலும் மூட்டு கெடும்.

மே 18

அக்கா மகன் விடுவதாக இல்லை. "ஈரல், நுரையீரல் எல்லாம் சத்துதானே மாமா?" சத்துதான். ஆனால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அவற்றைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை மலத்தோடு வெளியேறும். நாயைத் தடவிய கையை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அதே கட்டி ஈரலில் வரலாம். எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பெண் இருக்கிறாள். முத்துவின் தட்டில் கைவிட்டுப் பார்ப்பதுதான் அவளுக்கு இப்போது விளையாட்டு. இதைச் சொன்ன பிறகு பையன் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 3

முத்துவின் சாப்பாடு இப்போது வேகவைத்த கோழிக்கறி, குழைந்த சோறு, கேரட், துளி ஈரல். கால்சியம் டாக்டரம்மா எடை பார்த்து எழுதிக்கொடுத்த அளவு. வெந்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எலும்பு கிடையாது. பூச்சிமருந்து தேதி காலண்டரில் குறித்திருக்கிறது.

பச்சைக்கறிதான் போடுவேன் என்பவர்கள், கறி எங்கே அறுபட்டது, எவ்வளவு நேரம் வெளியில் கிடந்தது, கால்சியக் கணக்கு என்ன என்ற மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். வீட்டில் சின்னப் பிள்ளையோ வயதானவரோ இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். அடுப்பைப் பற்ற வையுங்கள்.