கற்றளியும் பண்ணும்

செட்டிநாட்டுத் திருக்கோயில்களுட் புகுவார் முதற்கண் வியப்பது கல்லின் சிறப்பையே. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலாக நகரத்தார் தமக்குரியனவெனப் போற்றும் ஒன்பது திருக்கோயில்களும் அவர்தம் பெருங்கொடையாற் புதுக்கப்பெற்று விளங்குவன. தம் நாட்டளவில் அமையாது, பிற நாட்டுத் தலங்கள் பலவற்றினும் அவர் திருப்பணி ஆற்றினர். ஆயினும் திருக்கோயிலாவது கல் மாத்திரம் அன்று. உடற்கு உயிர்போல அதற்கு இசையும் கூத்தும் அமைந்துள்ளன. கல்லுக்கு நிகழும் பணி பண்ணுக்கும் நிகழ்கின்றதா என்பது சைவ நன்மக்கள் ஆராய்தற்குரியதொன்றாம்.

இசையும் கூத்தும் வெறும் பொழுதுபோக்காதல் சைவர்க்கு உடன்பாடன்று. இறைவன் தானே கூத்தனாய் நின்று ஐந்தொழில் இயற்றுகின்றான். துடி படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், ஏந்திய அனல் அழித்தலையும், ஊன்றிய அடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்தும் என்பது மெய்கண்ட நூற்றுணிபு. செட்டிநாட்டைச் சார்ந்த திருப்புத்தூர், அப்பெருமான் கௌரி தாண்டவம் நிகழ்த்திய தலமெனப் போற்றப்படுகின்றது. ஆகலின் ஆடலும் பாடலும் வழிபாட்டின் உறுப்புக்களேயாம்.

இவ்வுண்மையைப் பண்டை மன்னர் நன்கறிந்திருந்தனர். புதுக்கோட்டையைச் சார்ந்த குடுமியான்மலையிற் குன்றின் மீதே சுர அமைதிகள் ஏழு பகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல்வெட்டு 7-ஆம் நூற்றாண்டினதென்பர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதல் இராசராச சோழன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமைத்து, ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல் வகுத்தனன். ஆடன் மகளிர் 400 பேர்க்கும் தனித்தனியே மனையும் பங்கும் அளித்தனன். பதியம் பாடுவார் இறந்துபடின் அவர்க்கு அணுக்கமான உறவினர் பாடுக. அவர் தகுதியுடையரல்லரேல் தகுதியுடையார் ஒருவரை நிறுத்துக என்றும் விதித்தனன். கல்லாற் கோயில் எடுத்தவன், குரல் அறாது தொடர்தற்கும் வழிகண்டனன் என்பது ஈண்டு உற்று நோக்கத்தக்கது.

செட்டிநாட்டுச் சூழலிலே பாடல் பெற்ற தலங்கள் மூன்று உள. திருக்கொடுங்குன்றமாகிய பிரான்மலைக்குத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் நட்டபாடைப் பண்ணில் அமைந்தது. திருப்புத்தூர்க்கு அவர் அருளியது தக்கராகம். திருக்கானப்பேராகிய காளையார்கோயிற்கு அருளியது கொல்லி. அத்தலத்திற்குச் சுந்தரமூர்த்திகள் அருளியது புறநீர்மை. இந்நான்கனுள் நட்டபாடையும் புறநீர்மையும் பகற்பண்கள். தக்கராகமும் கொல்லியும் இராப்பண்கள். திருநாவுக்கரசர் திருப்புத்தூரிற் பாடிய திருத்தாண்டகமோ எப்பொழுதிற்கும் பொதுவாயது. ஒரு சிறு நிலப்பகுதியிற்றானே பகற்கும் இரவிற்கும் பொதுவிற்கும் உரிய இசைகள் எல்லாம் நிறைந்திருத்தல் அந்நாட்டார் பெற்ற பேறு அன்றோ!

இனி, இப்பண்கள் எங்ஙனம் காக்கப்பட்டன? ஏடுகள் பண்ணின் பெயரைச் சொல்லுமேயன்றி அதன் சுர நடையைச் சொல்லா. நட்டபாடையை நாட்டையென்றும், கொல்லியை நவரோசு என்றும், புறநீர்மையைப் பூபாளம் என்றும் இக்காலத்து இராகப் பெயராற் கூறுதற்கு ஆதாரம் ஓதுவார் வாய்வழி வந்த மரபே. ஆசிரியன் பாட மாணாக்கன் கேட்டுப் பயிலும் அத்தொடர்ச்சி ஒரு தலைமுறையில் அறுமாயின், பெயர் எஞ்சும்; பண் எஞ்சாது.

நகரத்தார் இதனை அறியாதவரல்லர். கானாடுகாத்தானைச் சார்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தில்லையில் நிறுவிய பல்கலைக்கழகத்தில் இசைக்கும் இடம் வகுத்தனர். 1943-இல் சென்னையிற் தமிழிசைச் சங்கம் தோன்றத் துணைநின்றனர். அச்சங்கம் 1949 முதலாகப் பண்ணாராய்ச்சி நடத்தலாயிற்று. விபுலானந்த அடிகள் இயற்றிய யாழ்நூல், 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அதற்கும் நகரத்தார் செல்வர் ஒருவர் உற்றுழி உதவினர். இவை நன்றியுடன் போற்றத்தக்கன.

ஆயினும், ஆராய்ச்சி அரங்கிற் பேசப்படும் பண் வேறு. அர்த்தயாம வழிபாட்டில் நாடோறும் பாடப்படும் பண் வேறு. கோயிற்கூத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும். மகளிரைக் கோயிற்கு நேர்ந்துவிடும் வழக்கம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. மகளிர்க்கு இழைக்கப்பட்ட கொடுமை நீங்கியது அறமே. ஆடற்கலை மேடையிற் புகுந்து உலகெங்கும் பரவியது; திருமுன்னர் நாள்வழிபாடாக நிகழ்ந்த ஆடலோ அற்றுப்போயிற்று. பதிகப் பண்ணுக்கும் அந்நிலை எய்தலாகாது. அது மேடையிலும் ஒலிக்க. திருமுன்னரும் ஒழியாது ஒலிக்க.

கற்கோயிலைப் பன்னீராண்டுக்கு ஒருமுறை புதுக்கிக் குடமுழுக்காற்றுதல் மரபு. குரற்கோயிலுக்கோ இடையீடு ஆகாது. தலைமுறைதோறும் இளஞ்சிறார் செவியில் அது புதிதாகக் கட்டப்படல் வேண்டும். கல் சிதைந்தால் மீண்டும் அடுக்கலாம். பாடுவார் அற்றபின் பண்ணை அடுக்குதற்குக் கல்லுமில்லை, கொத்தனுமில்லை. தமிழ்நாட்டரசு 2021-இல் ஓதுவார் பணியிற் பெண்மக்களையும் அமர்த்தியமை இவ்வழியில் ஒரு நற்குறியாம்.

ஆகலின் திருப்பணிக்குப் பொருள் வகுக்கும் செல்வர், கோபுரத்திற்கு வகுக்கும்போதே ஓதுவார் ஒருவர்க்கும் அவரிடம் பயிலும் மாணாக்கர் இருவர்க்கும் நிலையான வாழ்வு வகுப்பாராக. முக்குறுணி நெல் வகுத்த மன்னவன் காட்டிய நெறி அதுவே. பிரான்மலையில் நட்டபாடை பகலிலும், காளையார்கோயிலிற் கொல்லி இரவிலும் என்றும் ஒலிப்பனவாக. அவ்வொலி உள்ளளவும் கல்லும் உயிருடையதாம்.

திருச்சிற்றம்பலம்.