விரிச்சி

நப்பூதனார் 103 அடிகளிற் பாடிய முல்லைப்பாட்டிலே, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் முல்லைமலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றினை, தாயர் விரைவில் வருவரென்று ஓர் ஆய்மகள் தேற்றுகின்றாள். அச்சொல்லே அரசன் மீட்சிக்கு நற்குறியாயிற்று.

ஹோமரின் ஒடிசி 20-ஆம் காண்டத்தும் இஃதொப்பதொன்று கண்டு வியந்தோம். மாற்றுருவில் தன் மனையகத்திருந்த ஒடிசியஸ் குறி வேண்ட, இடி முழங்குகின்றது. ஏனைப் பெண்டிர் மாவரைத்து முடித்துறங்க, வலிகுன்றிய ஒருத்தி மட்டும் திரிகையை நிறுத்தி, தன் முழங்கால்களைத் தளர்வித்த அம்மணம்வேண்டுநர்க்கு இன்றைய விருந்தே கடைவிருந்தாகுக என்கின்றாள். கேட்டவன் மகிழ்கின்றான், அவளோ தான் குறி சொன்னதறியாள். ஆய்மகளும் அத்தகையளே. கூலி பெற்றுக் குறிசொல்வோரிடம் இத்தூய்மை ஏது?

குறிகேட்டலை விலக்கும் வேதம் பயின்ற யாம் விரிச்சியை நம்பேம். எனினும் எள்ளத் துணியேம். நற்சொல் கேட்ட பின்னும் அரசியின் கண்ணீர் நின்றிலது.