யசோதை எறிந்த கோல்

கோயிலில் தாமோதர லீலை உபந்யாசம் கேட்கும்போதெல்லாம் ஓரிடத்தில் என் மனம் குறுகிப்போகும். தயிர்த்தாழியை உடைத்த கண்ணனைக் கோலுடன் துரத்திப் பிடித்த யசோதை, குழந்தையின் விழிகளில் அச்சத்தைக் கண்டதும் கோலை எறிந்துவிடுகிறாள். நான் எறியவில்லை.

என் மகன் ஆறாம் வகுப்பில் கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்றபோது பிரம்பால் அடித்தேன். இனி ஒழுங்காகப் படிப்பான் என்று நம்பினேன். அடுத்த தேர்விலும் மதிப்பெண் குறைந்தது. ஆனால் அட்டை என்னிடம் வரவில்லை. என் கையொப்பத்தை அவனே இட்டுவிட்டான். வங்கியில் நாள்தோறும் காசோலைகளின் கையொப்பங்களைச் சரிபார்த்த எனக்கு, ஆசிரியர் அழைத்துச் சொல்லும்வரை அது தெரியவில்லை.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்றேன்.

"அடிப்பீர்களே, அப்பா" என்றான்.

காசாளரிடம் பணம் குறைந்தால், "அன்றே சொல்லிவிடுங்கள், சேர்ந்து தேடுவோம்" என்பது என் வழக்கம். அஞ்சியவர் மறைப்பார் என்று அலுவலகத்தில் அறிந்திருந்த நான், வீட்டில் அதை மறந்தேன். அடிக்கு அஞ்சும் குழந்தை 'எது சரி?' என்று எண்ணுவதில்லை. 'எதைச் செய்தால் தப்பலாம்?' என்றே எண்ணி முடிவெடுக்கிறது.

யசோதையும் கண்ணனைச் சும்மா விட்டுவிடவில்லை, உரலில் கட்டினாள். கண்டிப்பு இருந்தது, கோல் இல்லை.

சென்ற வாரம் என் பெயரன் மதிப்பெண் அட்டையுடன் தயங்கி நின்றான். "அப்பாவிடம் நீயே கொடு" என்றேன். மகன் வாங்கிப் பார்த்தான். கையொப்பமிட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தை விரித்து அவனருகில் அமர்ந்தான்.