வாசலுக்கு வந்த பூனைக்குட்டி



போன மாதம் நம்ம விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை ஓரமாக ஒரு பூனைக்குட்டி கிடந்தது. கண் நிறையப் பீளை, ஓயாத தும்மல். வீட்டுக்குத் தூக்கி வந்தேன். உடம்பு அனலாய்ச் சுட்டது. பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவராக இருக்கும் என் பழைய மாணவனுக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், கொடுத்துடாதீங்க! பூனைக்கு அது விஷம். அரை மாத்திரையே உயிரை எடுத்துடும்" என்றான். கை நடுங்கிவிட்டது.

கேப்டன் சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸில் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"200 கி.மீ.க்கு மேல் பயணம், இது தாங்காது டீச்சர். காப்பகத்துல நிறையப் பூனைங்க இருக்கும். இதோட சளி அதுங்களுக்கும், அங்க இருக்கிற நோய் இதுக்கும் ஒட்டும். இப்போதைக்கு ஒரு தனி அறை போதும்."

மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன். அவன் சொன்ன மருந்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் கண் துடைப்பது. மூக்கு அடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, சாப்பிடாது என்பதால் மீனைச் சூடாக்கி வைத்தேன். ஐந்தாம் நாள் தானே நக்கியது.

உங்கள் வாசலுக்கும் இப்படி ஒன்று வந்தால், மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

குட்டியை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.