செவியே விழியாய் வாழும் கங்கை உயிர்

பீகார் மாநிலத்தில், கங்கையின் தென்கரையை ஒட்டிச் செல்லும் இருப்புப்பாதையில் சுல்தான்கஞ்ச், பாகல்பூர், கஹல்காவ் ஆகிய நிலையங்கள் உள்ளன. புகைவண்டி அலுவலர்க்கு நன்கு பழகிய இப்பெயர்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கைப் பகுதி, 1991ஆம் ஆண்டு முதல் விக்கிரமசீலா டால்பின் சரணாலயமாக விளங்குகிறது. சென்ற மார்கழியில் குடும்பத்தாருடன் பாகல்பூர்ப் படித்துறையில் படகேறினோம்.

நீரோ கலங்கல், முழங்கை ஆழத்திற்குக் கீழ் ஒன்றும் புலப்படவில்லை. படகோட்டி துடுப்பை நிறுத்தினார். சற்றைக்கெல்லாம் சாம்பல்நிற முதுகொன்று மேலெழுந்து, மூச்செறிந்து மறைந்தது. ‘சோன்ஸ்’ என்று இவ்வூரார் அழைக்கும் கங்கை டால்பின் இதுவே. 2009இல் நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பெற்றது. இதன் கண்ணில் வில்லை இல்லை. ஒளியை உணருமேயன்றி உருவத்தைக் காணாது.

எனில், இரை தேடுவது எங்ஙனம்? நுண்ணொலிகளைத் தொடர்ந்து எழுப்பி, அவை மீன்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியால் வழியறிகிறது. அவ்வொலிகள் பெரும்பாலும், மனிதர் செவிக்கு எல்லையாகிய நொடிக்கு 20,000 அதிர்வுகளைக் கடந்தவை. ஆதலின் ஆராய்ச்சியாளர் ‘ஹைட்ரோபோன்’ என்னும் ஒலிவாங்கியை நீரில் இறக்குகின்றனர். அது நீரின் அதிர்வை மின்னதிர்வாக்கிப் பதிவு செய்கிறது. இரண்டு கருவிகளை இடைவெளிவிட்டு அமைத்தால், ஒலி எதனை முன்னர் எட்டிற்று என்பதைக் கொண்டு டால்பின் இருக்கும் திசையையும் அறியலாம். மூச்சுவிடும் கணத்தில் மட்டுமே வெளிப்படும் உயிரை இவ்வாறு இரவிலும் பின்தொடர முடிகிறது.

2021 முதல் 2023 வரை நடைபெற்று 2025இல் வெளியான கணக்கெடுப்பு, இந்தியாவில் கங்கை டால்பின்கள் 6,324 என மதிப்பிட்டது. பீகாரில் மட்டும் 2,220.

அக்கருவி கவலைக்குரிய செய்தியையும் உணர்த்தியுள்ளது. விசைக்கலங்களின் இரைச்சல் டால்பின்களின் ஒலியை மறைத்து, அவற்றின் உடற்சுமையை இரு மடங்குக்கு மேல் உயர்த்துவதாகக் கங்கையில் நிகழ்ந்த ஆய்வொன்று 2019இல் தெரிவித்தது. ஆற்றில் நீர் குறையுங்கால் துன்பம் மேலும் பெருகும். 1986இல் அறிவிக்கப்பெற்ற தேசிய நீர்வழி 1 இவ்வழியே செல்கிறது. வாணிபம் வளரவேண்டுவதே, ஆயினும் நமக்கு இரைச்சல் என்பது சோன்ஸுக்கு இருட்டு. கலங்களின் வேகத்தையும் எண்ணிக்கையையும் வரையறுத்தல் அரசின் கடன். இப்பக்கம் வரும் சங்க அன்பர்கள் விசைப்படகை விடுத்துத் துடுப்புப் படகில் சென்று காண்பார்களாக.