வெறுங்காலும் கிருமியின் போர்வையும்

வெறுங்காலில் நடப்பதை எங்கள் தலைமுறை ஒரு பெருமையாகவே வைத்திருந்தது. கேமரன் மலையில் கொழுந்து எடுத்துப் பழகிய கால் அட்டைக்கும் அஞ்சாது, முள்ளுக்கும் அஞ்சாது என்பார்கள். பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் பெருசுகள் ரிங்லட் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களிடம் நான் மெலியோய்டோசிஸ் கதையை எடுத்துவிடுவேன். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி தரும் நோய் அது. 1911-இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் அதைக் கண்டறிந்தார்கள். இரண்டாவது பெயரைச் சொன்ன பிறகுதான் நம் ஆட்கள் காது கொடுப்பார்கள்! நம் பகாங்கிலேயே, 2010-இல் மாரான் வட்டாரத்து லுபுக் யூவில், மூழ்கிப்போனவரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு இந்த நோயும் எலிக்காய்ச்சலும் கண்டன. எட்டுப் பேர் இறந்தார்கள். உதவி செய்யப் போனவர்கள்.

இந்தக் கிருமிக்கு ஒரு போர்வை உண்டு. அடியில் கொழுப்பு, அது கிருமியின் வெளிச்சவ்வில் வேர்போலப் பதிந்திருக்கும். அதன்மேல் சர்க்கரைச் சங்கிலி: குளுக்கோஸ் ஒன்று, டிஆக்சிடேலோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஒன்று என்று மாறிமாறி நீண்டுகொண்டே போகும். அந்தச் சங்கிலியைக் கோக்கும் மரபணுக்கள் கிருமியின் மரபுத்தொகுதியில் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றன. கனடாவில் ஆய்வாளர் டெஷேஸரின் குழுவினர் அவற்றைக் குலைத்துப் பார்த்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். போர்வை நெய்யத் தெரியாமல்போன கிருமியை மனித ரத்தத்தின் நீர்ப்பகுதியே கொன்றுவிட்டது. போர்வை உள்ளது அதே நீரில் பிழைத்துக்கொண்டது. ஆய்வுக்கூடத்து விலங்குகளிடமும் போர்வை இல்லாததன் வீரியம் குறைந்தே இருந்தது.

போர்வை மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. தாய்லாந்து மண்ணில் கண்ட இதன் பங்காளிக் கிருமி ஒன்று ஏறக்குறைய இதே சங்கிலியைப் போர்த்திக்கொண்டு, ஆளை அரிதாகவே தொடுகிறது. ஆனாலும் அவ்வளவு பொல்லாத கிருமிக்கே ரத்தத்தில் பிழைக்க மேலுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரு ஜோடி பூட்ஸ் போட்டுக்கொள்ள என்ன கௌரவக் குறைச்சல்? மழையில் கொழுந்து எடுக்கையில் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ள யாரும் வெட்கப்பட்டதில்லையே.

2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு வீடுகளுக்குள் புகுந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் பூட்ஸையும் கையுறையையும் தேட யாருக்கும் தோன்றாது. அதனால் அவை முன்கூட்டியே வீட்டில் இருக்கவேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டும். இந்த நோய் அவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. சர்க்கரை போர்த்திய கிருமி சர்க்கரைக்காரனைத் தேடி வருகிறதே என்று கேட்பார்கள். அது வெறும் தற்செயல். இனிப்பு நீரில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்வதே காரணம்.

காய்ச்சல் கண்டால் கிளினிக்கில் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். "மண்ணில் வேலை செய்கிறேன், இனிப்பு நீரும் இருக்கிறது" என்று நீங்களே சொல்லுங்கள். நோய் இதுதான் என்று உறுதியானால் முதலில் நரம்பு வழியாக மருந்து, பெரும்பாலும் இரண்டு வாரம். பிறகு மாத்திரை, மூன்று மாதமாவது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை அலமாரியில் போட்டுவிடும் நம் வழக்கம் இதற்குச் செல்லாது. பாதியில் நிறுத்தியவர்களிடம் இந்த நோய் திரும்பி வருகிறது, சில சமயம் பல மாதம் கழித்து.