மூன்றாவது நாடா

காஞ்சிபுரம் பட்டின் புகழை அறியாதவர் இல்லை. ஆனால் அது காஞ்சி நகரில் மட்டும் நெய்யப்படுவதில்லை. எங்கள் வாலாஜாபாத்திலும் அருகிலுள்ள அய்யம்பேட்டையிலும் வீடுகளிலிருந்து தறிச் சத்தம் கேட்கும்.

இச்சேலையின் சிறப்பு கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரைகள் வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஊடை நூல்கள் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள்.

தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கு இரண்டு கைகள்தாமே! மூன்றாவது நாடாவைத் தள்ள மறுபக்கம் ஒரு துணை வேண்டும். முற்காலத்தில் அத்துணை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். என் பாட்டி எட்டு வயதில் அங்கே அமர்ந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அன்னம், மயில், யாளி, ருத்திராட்சம் என எந்தக் கரையானாலும் இழைக்கணக்கை மனப்பாடமாகச் சொல்வார். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்க மட்டும் என்னைக் கேட்பார்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009இல் கல்வி உரிமைச் சட்டமும் வந்தன. இன்று நான் பள்ளியில் இருக்கிறேன். அந்த இடத்தில் அம்மா இருக்கிறார். ஒரு சேலை முடிய எங்கள் வீட்டில் பதினைந்து நாள் ஆகிறது. கூலி சேலைக்குத்தான், அம்மாவின் உழைப்புக்கெனத் தனியே ஒன்றுமில்லை.

பிள்ளைகள் படிக்கச் சென்றதால் நெசவு நலிகிறது என்று சிலர் வருந்துகின்றனர். நான் அப்படி நினைக்கவில்லை. இருவர் உழைப்புக்கு ஒருவர் கூலி என்றால் எந்தத் தொழில்தான் நிலைக்கும்? 2005இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது; நெய்யும் கைகளுக்கும் அது கிடைக்க வேண்டாமா? உழைத்தவருக்குரிய கூலியைக் கொடுப்பது நீதி என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்கிறோம் அல்லவா?

அன்புத் தோழியரே, பெற்றோரே! பட்டு வாங்கும்போது கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் உள்ளனவா என்று பாருங்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று நம்பி வாங்கினால் நெசவாளர் வீட்டு அடுப்பு அணையும். கைத்தறிச் சேலையின் விலை அதிகமாகத் தோன்றினால், அதில் இருவரின் உழைப்பு இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நாடாவுக்கும் உரிய கூலி கிடைக்கும் நாளில், எங்களில் சிலர் படித்து முடித்தபின் விரும்பியே தறிக்குத் திரும்புவோம்.